நுரையோடு போகும் செல்வம்

இந்தப் பட்டமளிப்பு விழாவில் வாழ்த்துச் சொல்ல அழைத்தீர்கள். வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டுவந்திருக்கிறேன்.

வேதிப் பொறியியல் முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது சர்க்கரை ஆலையை ஒட்டிய ஓர் எரிசாராய ஆலையில். எங்கள் பேராசிரியர் ஒருவர் பொருள் சமநிலை போடாத விடைத்தாளுக்கு மதிப்பெண் தரமாட்டார். உள்ளே போன ஒவ்வொரு கிலோவும் எந்த வழியில் வெளியேறியது என்று காட்டியாக வேண்டும். அந்தப் பழக்கம் ஆலைக்குள்ளும் என்னோடு வந்தது. 180 கிலோ குளுக்கோஸை ஈஸ்ட் முழுமையாக நொதிக்கச் செய்தால் 92 கிலோ எத்தனாலும் 88 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். எத்தனாலுக்கு ஆயத்தீர்வை அதிகாரி லிட்டர் லிட்டராகக் கணக்கு வைப்பார். அந்த 88 கிலோவோ நுரையோடு கிளம்பி, குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும்.

இந்த வாயுவின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. நொதிக்கும் தொட்டிகளின் மேல் காற்றைவிடக் கனமான ஒரு வாயு படலமாக நிற்பதைக் கவனித்தார். அந்தப் படலத்துக்குள்ளேயே ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீரில் சுறுசுறுவென்று குமிழ் ஏறியது. 1772-இல் சோடா நீர் தயாரிக்கும் முறையை நூலாகவே வெளியிட்டார். மனிதன் பயனுக்கு எடுத்த கரியமில வாயு, தொடக்கத்தில் ஈஸ்ட் தந்ததுதான்!

இன்று உலகச் சந்தைக்கு வரும் இந்த வாயுவில் கணிசமான பங்கு, இயற்கை எரிவாயுவைக் கொண்டு அம்மோனியா தயாரிக்கும் உர ஆலைகளின் உபபொருள். 2021 செப்டம்பரில் எரிவாயு விலை ஏறியதால் பிரிட்டனில் இரண்டு உர ஆலைகள் நின்றன. உடனே இறைச்சிக் கூடங்களும் குளிர்பான ஆலைகளும் தவித்தன. அரசே பணம் கொடுத்து உற்பத்தியைத் தொடங்கவைக்க வேண்டியதாயிற்று.

நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். பெட்ரோலில் கலக்க 2023–24-இல் நாடு ஏறத்தாழ 700 கோடி லிட்டர் எத்தனால் வாங்கியது. லிட்டருக்கு முக்கால் கிலோ என்று கணக்கிட்டாலும் 50 லட்சம் டன்னுக்கு மேல் வாயு. கொதிகலன் புகையில் கரியமில வாயு நைட்ரஜனோடு கலந்து நீர்த்திருக்கும். பிரித்தெடுக்கக் கரைப்பானும் வெப்பமும் வேண்டும். அதையே தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை, நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திறனோடு 2016-இல் செய்துகாட்டியது. நொதிப்புத் தொட்டியிலிருந்து வருவதோ கிட்டத்தட்டத் தூய வாயு. கழுவி, உலர்த்தி, அழுத்தினால் போதும்.

வாங்க ஆள் உண்டா என்பீர்கள். கோவை வார்ப்பாலைகளில் சோடியம் சிலிகேட் கலந்த மணல் அச்சை இறுக்குவது இந்த வாயு. திருச்சிப் பட்டறைகளில் வெல்டிங்குக்கு இதுதான் காப்பு. மீன் ஏற்றுமதிக்கு உலர் பனிக்கட்டியும் இதிலிருந்து வருகிறது. ஆனால் 30 கிலோ வாயுவைச் சுமக்கும் இரும்பு சிலிண்டர் அதைவிடக் கனம். தூரம் கூடக் கூட நாம் இரும்புக்கே லாரி வாடகை கொடுக்கிறோம். ஆகவே இது பக்கத்து ஊரில் விளைந்து பக்கத்து ஊரில் விற்க வேண்டிய சரக்கு.

சோடாவில் அடைத்த வாயு மறுபடி காற்றுக்குத்தான் போகும் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் நொதிப்பில் வந்த வாயு, பயிர் காற்றிலிருந்து எடுத்த கார்பன். நிலத்தடி எரிவாயுவில் பிறந்த வாயுவின் இடத்தை அது பிடிக்கும்போது, அந்த அளவுக்குப் புதிய கார்பன் தேவைப்படாது. பசுமை ஹைட்ரஜனோடு சேர்த்தால் மெத்தனாலும் ஆகும். டென்மார்க்கின் காசோவில் ஆண்டுக்கு 42,000 டன் மெத்தனால் தயாரிக்க 2025-இல் திறக்கப்பட்ட ஆலை, உயிரிவாயு நிலையத்துக் கரியமில வாயுவைத்தான் பயன்படுத்துகிறது.

என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் சேரும் ஆலையில் முதல் மாதமே பொருள் சமநிலை போடுங்கள். புகைபோக்கியும் காற்றுக்குழாயும் அதில் இடம்பெறட்டும். வெளியேறுவதை வாங்க நூறு கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அந்தக் கணக்கை முதலாளியின் மேசையில் வையுங்கள். உங்களைப் படிக்கவைத்த ஊருக்கு அதனால் தொழிலும் வேலையும் வரும்.