உழைப்பாளர் கட்சியும் ஊராட்சியும்

(கூட்டேரிப்பட்டில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரி, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். நம் தென்னாற்காட்டு மண்ணில், உழுது பிழைக்கும் மக்களிடையே, 1951-ஆம் ஆண்டில் ஓர் அரசியல் கட்சி தோன்றியது. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி என்பது அதன் பெயர். அது சில ஆண்டுகளே தனித்து வாழ்ந்தது. ஆயினும் அதன் வரலாறு பஞ்சாயத்தில் அமர்ந்திருக்கும் நமக்குப் பெரிதும் பயன்படக் கூடியது. எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ நாம் முற்படவில்லை. மக்கள் ஒன்றுபட்டால் எதைப் பெறலாம், பெற்றதை எங்ஙனம் நிலைநிறுத்தலாம் என்பதே நம் ஆராய்ச்சி.

தோன்றிய காரணம்

நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குப் பிரியும் இந்தக் கூட்டேரிப்பட்டு, அந்நாளில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். ஏரிப் பாசனத்தில் நெல்லும், மானாவாரியில் மணிலாவும் கம்பும் விளையும் பூமி இது. உழுவோரில் மிகப் பலர் சிறு நிலத்தினர். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்வோரும், கூலிக்கு உழைப்போரும் ஏராளம். அவர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தவர் வன்னியர். எண்ணிக்கை மிகுந்திருந்தும் கல்வியிலும், அரசாங்க உத்தியோகத்திலும், மாவட்ட ஆட்சியிலும் அவர்கள் பெற்ற இடம் மிகக் குறைவாகவே இருந்தது.

அக்காலத்தில் சாலை, பாலம், உயர்நிலைப்பள்ளி, மருத்துவமனை ஆகியவை ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. ஆகவே தங்கள் ஊருக்குச் சாலை வருமா, பள்ளி வருமா என்பது போர்டில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 1949-இல் போர்டுத் தேர்தல் வந்தபோது ஆளுங்கட்சி தங்களை வேட்பாளராக நிறுத்தவில்லை என்று மனம் வருந்தியவர்கள், சுயேச்சைகளாக நின்று பல இடங்களில் வென்றனர். பிறரிடம் இடம் கேட்டு நிற்பதைவிடத் தாமே அமைப்பாகத் திரள்வது நன்று என்ற எண்ணம் அந்த வெற்றியால் வலுப்பெற்றது. மாநில அளவில் எழுந்த இந்தக் கட்சியின் விதை உள்ளாட்சித் தேர்தலில் ஊன்றப்பட்டது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாக்குரிமை அளந்து கொடுக்கப்பட்ட காலம் முடிந்து, வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முதற் பொதுத் தேர்தல் நெருங்கியது. கூலி ஆளின் வாக்கும் மிராசுதாரரின் வாக்கும் சமமாயின. இந்த வாய்ப்பை உணர்ந்த கடலூர்த் தலைவர் திரு. எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார், வன்னியர் சங்கங்களின் திரளை அடித்தளமாகக் கொண்டு உழைப்பாளர் கட்சியை அமைத்தார். வடஆற்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் திரு. எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் தலைமையில் காமன்வீல் கட்சி எழுந்தது.

பெயரையும் சற்று உற்று நோக்குவோம். ஒரு சமூகத்தின் திரளிலிருந்து எழுந்த கட்சி, அச்சமூகத்தின் பெயரைச் சூடாமல், உழைப்பாளர் என்ற பொதுப்பெயரைச் சூடிற்று. ஓர் ஊரில் ஒரு பிரிவினர் மட்டும் சேர்ந்து எதையும் நிறைவேற்ற முடியாது என்பது அக்காலத் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயர் எல்லா உழைப்பாளரையும் முழுமையாக உள்ளடக்கியதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

தேர்தலும் ஆட்சியும்

1952 ஜனவரியில் தேர்தல் நடைபெற்றது. ஆந்திரமும் மலபாரும் உள்ளடங்கிய அன்றைய சென்னை மாநிலச் சட்டசபையில் இடங்கள் 375. உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. பாராளுமன்றத்துக்கு முன்னது 4 பேரையும் பின்னது 3 பேரையும் அனுப்பின. அத்தேர்தலில் தாம் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகத்தார் இவ்விரு கட்சிகளுக்கும் ஆதரவு அளித்திருந்தனர்.

நம் திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதி அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. இரு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டையும் உழைப்பாளர் கட்சியே பெற்றது. வென்றவர்கள் திரு. ஏ. ஜெயராமனும், திருக்குறளார் என்று நாடறிந்த திரு. வீ. முனுசாமியும் ஆவர். குறளை நகைச்சுவையோடு ஊரூராகச் சென்று பரப்பிய அப்பெரியார் நம் தொகுதியின் உறுப்பினராய் டெல்லியில் அமர்ந்தது நமக்குப் பெருமை தருவதாகும்.

சட்டசபையில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. தேவை 188, காங்கிரஸ் பெற்றது 152. இத்தகைய நிலையில் 19 பேரும் 6 பேரும் எத்துணை மதிப்புப் பெறுவர் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஏழு பேர் கொண்ட பஞ்சாயத்தில் மூவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றால், எஞ்சிய ஒருவரின் வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம் கூடும்! 1952 ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜியின் அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம் பெற்று, நிலவருவாய்த் துறையை ஏற்றார். உழைப்பாளர் கட்சி அந்த அமைச்சரவையில் சேரவில்லை. இராஜாஜி பதவி விலகி 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது, இராமசாமி படையாட்சியார் ஸ்தல ஸ்தாபனத் துறை அமைச்சரானார். போர்டில் இடம் கிடைக்கவில்லை என்ற குறையிலிருந்து பிறந்த இயக்கத்தின் தலைவர், எல்லாப் போர்டுகளையும் பஞ்சாயத்துகளையும் மேற்பார்க்கும் துறைக்கே அமைச்சரானார்.

அதன்பின் இரு கட்சிகளும் காங்கிரசில் இணைந்தன. படையாட்சியார் பின்னர் 1980-லும் 1984-லும் திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார், 1992-இல் மறைந்தார். 2019-இல் அவருடைய உருவப்படம் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. கடலூரில் மணிமண்டபமும் எழுந்தது.

எது நின்றது, எது கரைந்தது

வடமாவட்டத்து உழவர்களைப் புறக்கணித்துவிட்டு ஆட்சி நடத்த இயலாது என்பதை இக்கட்சி நாட்டுக்கு உணர்த்திற்று. இது பெரிய பயன். ஆனால் மக்கள் திரண்டு பெற்ற வலிமை முழுவதும் ஓர் அமைச்சர் பதவியில் சென்று முடிந்தது. கட்சி கலைந்தபின், சிற்றூர் உழவன் தன் குறையைக் கொண்டு செல்வதற்குரிய வாயில் எது? தலைவரின் இல்லமே வாயில். தலைவர் எத்துணை நல்லவராயினும் ஒருவரே, ஊர்களோ ஆயிரம். கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிய குறை தீராமையால், 1980-இல் திண்டிவனத்து மருத்துவர் ச. இராமதாசு தலைமையில் வன்னியர் சங்கம் புதிதாக எழுந்ததும், 1987-இல் சாலைமறியலில் உயிர்கள் பலியானதும், 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததும், அவ்வாண்டே பாட்டாளி மக்கள் கட்சி தோன்றியதும் நாம் அறிந்தவை. 1951-இல் எழுந்த கேள்வி 1954-இல் தீர்ந்துவிடவில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

கட்சி மறைந்தாலும் அது தந்த பயன் மறையாமல் இருக்க வழி உண்டா? உண்டு என்பதற்குக் கீழ்த்திசையில் ஒரு சான்று உளது. நம்மைப் போலவே நெல் விளைக்கும் தாய்லாந்து நாட்டில் 1998-இல் தாய் ரக் தாய் என்னும் கட்சி தோன்றியது. நிறுவியவர் தக்சின் சினவத்ரா. அவர் செல்வந்தர், வணிகர், உழவரல்லர். எனினும் சிற்றூர் வாக்காளரை நோக்கி அவர் திட்டங்களை வகுத்தார். முப்பது பாட் கட்டணத்தில் மருத்துவம், உழவர் கடனுக்குத் தவணை நீட்டிப்பு, ஒவ்வொரு சிற்றூருக்கும் பத்து லட்சம் பாட் சுழல்நிதி ஆகியவை அவற்றுள் தலையாயவை. 2001-இல் அக்கட்சி ஆட்சியைப் பிடித்தது. 2006-இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 2007-இல் நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. அவ்வாட்சியின்மீது எழுந்த குற்றச்சாட்டுகள் பல. அவற்றுள் நாம் புகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. கட்சி கலைந்தபோதும் சிற்றூர் நிதி கலையவில்லை. அந்தப் பணம் ஊர்க் குழுவின் கையிலும் கணக்கிலும் இருந்தது.

நம் கையிலுள்ள கருவி

நம் நாட்டில் அத்தகைய நிலையான கருவி பஞ்சாயத்தே. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகள் நீங்கிப் பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. எழுபத்து மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்து, 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குச் சட்ட வலிமை தந்தது. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னமின்றியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். யூனியனிலும் மாவட்டத்திலும் கட்சிக்கு இடமுண்டு. ஊரில் ஊரே கட்சி.

ஆகவே உறுப்பினர்கள் மூன்று கடமைகளை மறவாதிருக்க வேண்டும். முதலாவது, ஊரின் தேவையை வாய்மொழியாகத் தலைவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடாது, கிராம சபையின் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். ஆள் மாறினும் தீர்மானப் புத்தகம் மாறாது. இரண்டாவது, சபைக்கு மக்கள் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் 100 பேர் கூடினால்தான் சபை செல்லும். நூறு கையொப்பம் வேறு, நூறு பேர் வேறு. வீடு வீடாகக் கையொப்பம் வாங்கிக் கணக்கை நிரப்பும் ஊரில் ஏரி மதகு பழுதாகவே கிடக்கும்.

மூன்றாவது கடமையே தலையாயது. பின்னர் வருவோம் என்று முன்பு கூறிய கேள்வி இதுவே. உழைப்பாளர் என்ற சொல்லில் யார் யார் அடங்குவர்? ஊரில் உழுபவர் மட்டுமன்று. காலனியிலிருந்து நடவுக்கும் அறுவடைக்கும் வருபவரும், களையெடுக்கும் பெண்டிரும் உழைப்பாளரே. உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. இடம் சட்டத்தால் கிடைக்கும். பேசும் வாய்ப்பை நாம்தான் தர வேண்டும். காலனித் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஊர்த் தெருவுக்குரிய அதே வரிசை எண் உங்கள் தீர்மானப் புத்தகத்தில் உண்டா? தங்களுக்குப் போர்டில் இடமில்லை என்று ஒரு தலைமுறை வருந்தித் திரண்டது. அதே வருத்தத்தை நம் ஊரில் மற்றொருவருக்கு நாம் உண்டாக்கலாகாது.

அடுத்த கிராம சபைக்குமுன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டு முழுவதும் ஒருமுறை நடந்து, கேட்ட குறைகளை எழுதிக்கொண்டு வருமாறு வேண்டுகிறோம். அக்குறிப்பு சபையில் படிக்கப்படட்டும், தீர்மானமாகட்டும்.