கொழுப்பின் வரவும் செலவும்



திமிர் கொண்டவனைக் 'கொழுப்பேறியவன்' என்று ஏசுவது நம்மவர் வழக்கம். உடல் பருத்தவரைக் கண்டால் நெய்யையும் எண்ணெயையும் பழிப்பதும் வழக்கமே. ஆயினும், கொழுப்பு உடலில் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு கரைகிறது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வறிவு சில வேளைகளில் ஓர் உயிரையே காக்க வல்லது.

நாம் உண்ணும் நெய்யும் நல்லெண்ணெயும் சிறுகுடலை அடைந்ததும், பித்தநீர் அவற்றை நுண்துளிகளாக்குகிறது. சதையியிலிருந்து சுரக்கும் நொதியம் அத்துளிகளைப் பிரிக்கிறது. பிரிந்தவை குடற்சுவரிலே மீண்டும் கொழுப்பாகி, நிணநீர் வழியே குருதியிற் கலந்து, தோலின் கீழும் வயிற்றினுள்ளும் உள்ள கொழுப்புக் கலங்களைச் சேர்கின்றன.

நெய்யை ஒதுக்கியவருக்குக் கொழுப்புச் சேராது என்பதில்லை. சோறும் பாணும் குருதியிலே குளுக்கோசாகச் சேர்கின்றன. தேநீரில் இடும் சீனியும் அதனைப் பெருக்குகிறது. ஈரலும் தசைகளும் அதனைக் கிளைக்கோசனாகச் சேமிக்கும். ஆனால் அச்சேமிப்பு சில நூறு கிராம் அளவே. மிஞ்சியதில் ஒரு பங்கை ஈரல் கொழுப்பாக மாற்றும். அன்றியும், குளுக்கோசு நிறைந்திருக்கும்வரை உடல் அதனையே எரிப்பதால், உண்ட கொழுப்புச் செலவாகாமற் சேமிப்பிலே தங்கிவிடுகிறது.

ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். 10 கிலோகிராம் கொழுப்பில் 90,000 கிலோகலோரி அடங்கியுள்ளது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடுபவருக்கு அது 45 நாட்களுக்குரிய முதல். பஞ்சத்தையும் நோயையும் மனிதன் தாண்டி வந்தது இம்முதலினாலன்றோ?

கொம்பறையில் அடைத்த நெல்லைப் போல இக்கொழுப்பு அசையாது கிடக்கும் என்றே முன்னர் எண்ணினர். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ருடோல்ப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பேர்க்கும் 1935 இல் அவ்வெண்ணத்தை மாற்றினர். பார ஐதரசனை அடையாளமாக ஏற்றிய கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். உணவையும் குறைவாகவே கொடுத்தனர். உண்ட கொழுப்பு உடனே எரிந்துவிடும் என்று எதிர்பார்க்கத் தக்க நிலையிலும், அதிற் பெரும்பகுதி சேமிப்பிலே காணப்பட்டது. புதியது உள்ளே புக, பழையது வெளியேறிச் செலவாகியிருந்தது. உடல் மெலியும்போதும் இவ்வரவுசெலவு ஓய்வதில்லை.

இவ்வரவுசெலவுக்குக் காவலாக நிற்பது சதையி சுரக்கும் இன்சுலின். உணவுண்டபின் இன்சுலின் பெருகும். கொழுப்பின் வெளியேற்றம் அடங்கும். பசித்திருக்கையில் இன்சுலின் குறையும். கொழுப்பமிலங்கள் வெளிப்பட்டுத் தசைகளில் எரியும். அவை ஈரிரு காபன் அணுக்களாகவே வெட்டப்படுகின்றன என்பதற்கு ஜேர்மானியரான பிரான்ஸ் நூப் 1904 இல் ஆதாரம் காட்டினார். முற்றாக எரிந்த கொழுப்பின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக நம் மூச்சோடு கலந்து செல்கிறது, எஞ்சியது நீராகிறது.

காவல் அறவே நீங்கினால் என்னாகும்? கொழுப்பமிலங்கள் வெள்ளமென ஈரலிற் பாயும், ஈரல் அவற்றைக் கீற்றோன்களாக மாற்றும், குருதி அமிலமாகும். இன்சுலினை நம்பி வாழும் நீரிழிவு நோயாளருக்கு நேரும் பேராபத்து இதுவே. அடங்காத் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுநோவு, ஆழ்ந்து விரைந்த மூச்சு, மூச்சிலே பழவாடை ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

காய்ச்சலாற் சாப்பாடு செல்லவில்லை, ஆகவே ஊசியும் வேண்டாம் என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். வயிறு வெறுமையாயினும் கொழுப்புக் கரைவது நிற்பதில்லை. நோயுற்ற வேளையில் அது மேலும் விரையும். அளவை மாற்றுவது வைத்தியர் சொற்படி ஆகட்டும். அடியோடு நிறுத்துவது ஆகாது.

சேமிப்பும் செலவும் அளவோடு நடக்கும் இல்லம் சிறப்பது போலவே உடலும் சிறக்கும்.