சீழ் வடியும் காதும் கரையும் எலும்புகளும்

 

நாட்பட்ட நடுச்செவி நோய் செவி எலும்புகளுக்கு விளைவிக்கும் சேதத்தைப் பற்றிப் பேச, காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் செவித்திறன் வல்லுநர்களும் மாணவர்களுமாகப் புதுச்சேரியின் மூலக்குளத்தில் இக்கருத்தரங்குக்குக் கூடியிருக்கிறோம். இங்கிருந்து சிறிது தொலைவில், கோரிமேட்டில், ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலேயே மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனை இருந்தும், எலும்பு கரைந்த பிறகே பல காதுகள் நம் மேசைக்கு வருகின்றன. ஏன் இந்தத் தாமதம் என்பதே இன்று என்னுடைய கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி பேர் வரை சீழ் வடியும் காதுடன் வாழ்வதாகக் கணித்தது. அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கேள்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது. நோய் மிகுதியாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் அவ்வறிக்கை சேர்த்தது.

சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளின் வேலையை நாம் அறிவோம். அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு. நெம்புகோல் விசை 1.3 மடங்கு. இரண்டும் சேர்ந்து ஒலியழுத்தத்தைச் சுமார் 22 மடங்காக்கி உட்செவிக்குக் கொடுக்கின்றன. செவிப்பறை முழுதாக இருந்து எலும்புத் தொடர் மட்டும் அறுந்தால் 60 டெசிபல் வரை கேள்திறன் போய்விடலாம். எதிரே உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசும் பேச்சின் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலில் கரைவது பெரும்பாலும் பட்டடை எலும்பின் நீண்ட முனை. மெலிந்தது, அந்தரத்தில் தொங்குவது, இரத்த ஓட்டம் குறைந்தது. அடுத்து அங்கவடியின் மேற்பகுதி. சுத்தி எலும்பு கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அழுத்தத்தால்தான் எலும்பு தேய்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அழற்சித் திசு சுரக்கும் இன்டர்லூக்கின், டிஎன்எஃப் போன்ற பொருள்கள் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன என்பது இன்றைய தெளிவு. ஆகவே கொலஸ்டியட்டோமா என்னும் தோல்பை வளர்ச்சி இல்லாத காதிலும், சீழும் சதை வளர்ச்சியும் நின்று நிலைத்தால் எலும்பு கரையும்.

அறுவையின்போது நுண்ணோக்கியின் கீழ் எலும்பு கரைந்த இடத்தைப் பாருங்கள். பட்டடையும் அங்கவடியும் சேரும் மூட்டில் எலும்பு போயிருக்கும். வெண்மையான நார்த்திசு மட்டும் பாலம் கட்டியிருக்கும். பார்வைக்குத் தொடர் முழுதாகவே தெரியும். ஊசிமுனையால் சுத்தியின் கைப்பிடியை மெல்ல அசைத்தால் அங்கவடி அசையாது. தொட்டுப் பார்க்காமல் செவிப்பறையை மட்டும் ஒட்டிவிட்டு வெளியே வந்தால், ஓட்டை அடைபட்டிருக்கும், காது கேட்காது.

இன்னொரு பொறியும் உண்டு. சில காதுகளில் கொலஸ்டியட்டோமாவே அறுந்த எலும்புகளுக்கு இடையே நின்று ஒலியைக் கடத்தும். ஆடியோகிராம் ஓரளவு நன்றாகவே இருக்கும். நோயை எடுத்ததும் கேள்திறன் குறையும். இதை அறுவைக்கு முன்பே நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கிச் சொல்வது நம் கடமை.

வூல்ஸ்டைனும் சோல்னரும் 1950-களில் ஜெர்மனியில் வகுத்த டிம்பனோபிளாஸ்டி முறைகள், இழந்த கேள்திறனை மீட்கும் வழியைத் திறந்தன. இன்று நோயாளியின் பட்டடை எலும்பையே செதுக்கிப் பொருத்துகிறோம். காது மடலின் குருத்தெலும்பைப் பயன்படுத்துகிறோம். டைட்டானியம் பொருத்திகளும் இருக்கின்றன. கொலஸ்டியட்டோமா பிடித்த எலும்பைத் திரும்ப வைப்பதில் எச்சரிக்கை வேண்டும். எதை வைத்தாலும், அங்கவடி மிஞ்சியிருந்தால் பலன் நன்றாயிருக்கும். அதுவும் போய்விட்டால் நம் கைத்திறனுக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. எனவே சீக்கிரம் பார்ப்பதே சிறந்த சீரமைப்பு.

தாமதத்துக்கு வருகிறேன். இந்த நோயில் பெரும்பாலும் வலி இல்லை. “காது ஒழுகுது, வளர்ந்தா சரியாயிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள்; தாய்ப்பால் பீய்ச்சுவார்கள்; தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக் குடைவார்கள். ஓட்டை விழுந்த காதோடு பிள்ளை ஏரியிலும் குளத்திலும் குதிக்கும். வகுப்பில் அது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும். குற்றத்தை மக்கள் மேல் மட்டும் போட முடியாது. கொலஸ்டியட்டோமா இல்லாத, குழல் சார்ந்த நடுச்செவி நோயை “ஆபத்தில்லாதது” என்று பாடப்புத்தகத்தில் படித்த நாமும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மூளைக்கு ஆபத்து குறைவு என்பதே அச்சொல்லின் பொருள். எலும்புக்கு ஆபத்தில்லை என்று அது ஒருநாளும் உறுதி தரவில்லை.

பிள்ளைகளின் நலனுக்காக 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் பரிசோதனைப் பட்டியலில் நடுச்செவி அழற்சி இடம்பெற்றிருக்கிறது. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறியப்படும் பிள்ளை ஆடியோகிராம் எடுக்கும் இடத்துக்கு வந்து சேருகிறதா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். விட்டுவிட்டுச் சீழ் வடியும் ஒவ்வொரு காதுக்கும் ஆடியோகிராம் எடுங்கள். காற்றுவழிக்கும் எலும்புவழிக்கும் இடைவெளி 40 டெசிபலைத் தாண்டினால் தொடர் அறுந்திருக்கலாம் என்று ஐயுறுங்கள். ஒவ்வோர் அறுவையிலும் மூன்று எலும்புகளின் நிலையையும் தனித்தனியே ஒரே படிவத்தில் பதியுங்கள். இப்பகுதிக் கல்லூரிகள் அனைத்தும் அதைச் சேர்த்துத் தொகுத்தால் நமக்கென்று நம்பத்தக்க கணக்கு கிடைக்கும். கரிக்கலாம்பாக்கம், மண்ணாடிப்பட்டு சமுதாய நலவழி மையங்களின் செவிலியருக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் காதைத் துடைத்து உலர்த்தும் முறையைக் கற்றுக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காதை நம்மிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

கரைந்த எலும்பு மீண்டும் வளராது. கரையுமுன் காப்பது நம் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்போடு இங்கே கட்டுரைகள் படிக்கப்படட்டும், விவாதங்கள் நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.