சின்னச் சொல், பெரிய வேலை
(பரிசளிப்பு விழாவில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)

 

ஆங்கிலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தமிழ்ப்பள்ளி மேடையில் ஆங்கிலப் பாடமா என்று சிலர் நினைக்கலாம். 'நினைக்கலாம்' என்று சொன்னேன் பாருங்கள், அந்த 'லாம்' தான் இன்றைக்கு என் பொருள். நினைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நினைக்கக் கூடும், அவ்வளவுதான். ஒரு செயல் நடக்கிறதா, நடக்கக் கூடுமா, நடந்தே ஆக வேண்டுமா என்று காட்டுவதற்குத் தமிழில் 'லாம்', 'முடியும்', 'வேண்டும்', 'கூடாது' போன்ற சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்பவற்றை மோடல் வெர்ப்ஸ் என்பார்கள். நாம் துணைவினைகள் என்றே சொல்லிக்கொள்வோம்.

அவை மொத்தம் ஒன்பது. கேன், குட், மே, மைட், வில், வுட், ஷால், ஷுட், மஸ்ட். ஆட் டு, நீட் என்று ஒன்றிரண்டு உறவினர்களும் உண்டு. ஒன்பது சொற்களையும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் சரியாகப் பயன்படுத்துவதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

மாணவர்களே, முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தச் சொற்களின் இலக்கணம் உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும். தமிழில் நான் பாடுகிறேன், அவள் பாடுகிறாள், அவர்கள் பாடுகிறார்கள் என்று ஆளுக்குத் தக்கபடி விகுதி மாறுகிறது. ஆனால் துணைவினை வந்துவிட்டால் என்ன ஆகிறது? நான் பாடலாம், அவள் பாடலாம், அவர்கள் பாடலாம். நான் பாட வேண்டும், அவள் பாட வேண்டும், அவர்கள் பாட வேண்டும். விகுதி மாறவே இல்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஷி சிங்ஸ் என்று எழுதும்போது 'ஸ்' சேர்க்கிறோம். ஷி கேன் சிங் என்று எழுதும்போது அந்த 'ஸ்' கேனிலும் வராது, சிங்கிலும் வராது. தமிழிலே 'பாட' என்ற வடிவம் எப்படி அசையாமல் நிற்கிறதோ, அப்படியே அங்கே 'சிங்' நிற்கிறது. வேறுபாடு ஒன்றே ஒன்று. நாம் துணைவினையைப் பின்னால் வைக்கிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு பிழைகளைத் தவிர்த்துவிடலாம். ஒன்று, ஹி கேன் கோஸ் என்று எழுதக் கூடாது. ஹி கேன் கோ என்பதே சரி. இரண்டு, மஸ்ட் டு கோ என்று நடுவில் 'டு' போடக் கூடாது. 'டு' வருவது ஆட் என்ற சொல்லுக்குப் பின்னால்தான். மூன்று, கேள்வி கேட்க டு யூ கேன் என்று தொடங்கக் கூடாது. கேனைத் தூக்கி முன்னால் வைத்து, கேன் யூ என்று கேட்டால் போதும். நான்கு, இரண்டு துணைவினைகளை அடுத்தடுத்து நிறுத்தக் கூடாது. 'நாளைக்கு என்னால் வர முடியும்' என்பதை ஐ வில் கேன் கம் என்று எழுதினால் தவறு. ஐ வில் பி ஏபிள் டு கம் என்றோ, சுருக்கமாக ஐ கேன் கம் டுமாரோ என்றோ எழுதுங்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். 'எனக்கு நீந்தத் தெரியும்', 'என்னால் இந்த மூட்டையைத் தூக்க முடியும்' என்று நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கேன் ஒன்றேதான். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பழைய ஆங்கிலத்தில் கேன் என்ற சொல்லுக்கு 'அறிதல், தெரிதல்' என்பதே பொருள். அறிந்தவனால் செய்ய முடியும் என்று அந்தச் சொல் பிறகு 'முடியும்' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நாம் நீந்தத் தெரியும் என்று இன்றும் சொல்கிறோமே, அதே எண்ணம்தான்.

மே என்ற சொல் நம் 'லாம்' போலவே இரண்டு வேலை செய்கிறது. 'நீ வெளியே போகலாம்' என்றால் அனுமதி. 'சாயந்திரம் மழை பெய்யலாம்' என்றால் நடக்கக் கூடிய ஒன்று. இந்த இரண்டுக்கும் மே பொருந்தும். மலாய் மொழியில் போலே என்ற ஒரே சொல் முடியும் என்பதற்கும் போகலாம் என்பதற்கும் வருகிறது. அதனால்தான் நம் நாட்டில் 'கேன் ஆர் நாட்?', 'கேன் லா' என்று எல்லாவற்றையும் கேனிலேயே முடித்துவிடுகிறோம். கடைத்தெருவில் பேசும்போது அது நமக்குச் சொந்தமான பேச்சு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேர்முகத் தேர்விலும் கட்டுரைத் தாளிலும் அது செல்லாது. அங்கே மே ஐ கம் இன் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மரியாதை. பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அலுவலக முகப்பில் நின்று, 'ஐயா, அந்தப் பாரத்தைக் கொடுங்க' என்கிறோம். அந்த 'ங்க' என்ற ஓசையிலேயே பணிவு வந்துவிடுகிறது. அதையே பிள்ளை மனத்துக்குள் மொழிபெயர்த்து கிவ் மீ தி ஃபார்ம் என்று சொல்கிறது. பிள்ளையின் உள்ளத்தில் பணிவு இருக்கிறது, ஆனால் கேட்பவர் காதில் அதட்டலாக விழுகிறது. ஏன்? ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இன்று இல்லை. யாராக இருந்தாலும் யூ. வினையிலும் 'ங்க' கிடையாது. ஆகவே மரியாதை பெரும்பாலும் துணைவினைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. குட் யூ கிவ் மீ தி ஃபார்ம், ப்ளீஸ் என்று கேட்டால், அந்தக் குட் தான் நம்முடைய 'ங்க'. குட் என்பது கேனின் இறந்த காலம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் இந்த இடத்தில் அது காலத்தைக் காட்டவில்லை, பணிவைக் காட்டுகிறது. வுட் யூ என்பதும் அப்படியே.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான இடம். மஸ்ட் என்றால் 'வேண்டும்'. அப்படியானால் மஸ்ட் நாட் என்றால் என்ன? தம்பி தங்கைகளே, அவசரப்பட்டு 'வேண்டியதில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு நீட் நாட் இருக்கிறது. நம் பேச்சுத் தமிழில் 'வேணாம்' என்ற சொல் இரண்டுக்கும் வரும். 'ஆத்துப் பக்கம் போக வேணாம்' என்றால் தடை. 'நாளைக்கு லீவு, பள்ளிக்கூடம் வர வேணாம்' என்றால் தேவையில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் கலக்கவே கலக்காது. மலாய் தெரிந்த உங்களுக்கு இது எளிது. கூடாது, தாக் போலே, மஸ்ட் நாட் மூன்றும் ஒரு வரிசை. தேவையில்லை, தாக் பெர்லு, நீட் நாட் மூன்றும் இன்னொரு வரிசை.

இதைத் தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை. அப்பா கிளினிக்கிலிருந்து இருமல் மருந்து வாங்கி வருகிறார். 'ஆய், இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு' என்று பிள்ளையிடம் கொடுக்கிறார். முதல் வரியில் மே: தூக்கம் வரலாம். அடுத்த வரியில் மஸ்ட் நாட்: இதைச் சாப்பிட்டுவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது. பிள்ளை அதை 'ஓட்ட வேண்டியதில்லையாம்ப்பா' என்று சொல்லிவிட்டால், அப்பா சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு சொற்களில் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

வேலைக்கு எடுக்கும் கடிதத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஆண்டு இறுதியில் நிறுவனம் போனஸ் கொடுக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். கடிதத்தில் இருப்பது மே என்றால், கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஷால் என்று இருந்தால் அது கடமை. பேச்சில் ஷால் இன்று அருகிவிட்டது. ஆனால் ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் அது பலமாகவே நிற்கிறது. நம் நாட்டுச் சட்டங்களின் மலாய்ப் பிரதியில் ஷால் வரும் இடத்தில் ஹெண்டாக்லா என்றும், மே வரும் இடத்தில் போலே என்றும் காண்பீர்கள்.

நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பள்ளிக்கும் இந்தச் சின்னச் சொற்களுக்கும் உறவு உண்டு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 21ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. தேசிய வகைத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தேசியத் தொடக்கப்பள்ளியாக மாற்றுவது பொருத்தம் என்று கல்வி அமைச்சர் கருதினால், அவர் அப்படி ஆணையிடலாம் என்றது அது. ஆணையிட வேண்டும் என்று சொல்லவில்லை, 'இடலாம்' என்றது. ஆனாலும் அந்த 'லாம்' அமைச்சர் கையில் ஓர் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி ஆர்வலர்கள் பல ஆண்டுகள் கவலைப்பட்டது அந்த ஒரு மேயை நினைத்துத்தான். 1996ஆம் ஆண்டு வந்த புதிய கல்விச் சட்டத்தில் அந்த உட்பிரிவு இடம்பெறவில்லை.

மறுபக்கம் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது விதியைப் பாருங்கள். மலாய் தேசிய மொழி என்று முதலில் சொல்கிறது. உடனே, மற்ற மொழிகளை அதிகாரப்பூர்வமல்லாத தேவைகளுக்குப் பயன்படுத்துவதையும், கற்பிப்பதையும் கற்பதையும் யாருக்கும் தடை செய்யக் கூடாது என்கிறது. அங்கே இருக்கும் சொல் மே அல்ல, ஷால். தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, முரணானவை அல்ல என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இப்படிப்பட்ட வாசகங்களை நம் சார்பில் படித்துச் சொல்ல, நாளைக்கு வழக்கறிஞர்கள் வேண்டும். அவர்கள் இப்போது இந்த மண்டபத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அதை மேசையில் போட்டு வைக்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, அதில் மே, மஸ்ட், ஷால், ஷுட் எங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டையும் 'லாம்', 'வேண்டும்', 'கூடாது', 'செய்வது நல்லது' என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழில் பிள்ளை தெளிவாகச் சொல்கிறதா, மழுப்புகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் பத்து நிமிடம் இதற்குப் போதும், ஐயா.

மாணவர்களே, தாய்மொழியில் நன்றாகக் காலூன்றியவனுக்கு இன்னொரு மொழி பாரமாக இருக்காது. 'லாம்' எது, 'வேண்டும்' எது என்று தமிழில் பிரித்தறியத் தெரிந்தவன் ஆங்கிலத்திலும் பிரித்தறிவான்.

மே என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதை வாக்கியத்தின் முதலில் வைத்தால் வாழ்த்து ஆகிவிடும். நம் இலக்கணத்தில் அதற்கு வியங்கோள் என்று பெயர். மே யூ ஆல் டூ வெல்! நீங்கள் அனைவரும் சிறப்புற்று வாழ்க! இந்தப் பள்ளி ஓங்குக!