திரிகடுகமும் செரியாமையும்



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரைத் தாங்கி நிற்பவை: திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம். பின்னைய இரண்டும் முறையே கணிமேதாவியார், காரியாசான் என்னும் சமணப் புலவர்கள் இயற்றியவை. உள்ளத்துப் பிணி தீர்க்க நூல் செய்தவர்கள் உடற்பிணி மருந்தையே அதற்குப் பெயராக இட்டனர் எனில், அம்மருந்துகள் மக்களிடையே எத்துணை வழக்கில் இருந்திருத்தல் வேண்டும்!

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றே திரிகடுகம். ஏலாதியில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை 2, நாககேசரம் 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 பங்கு என்பர். இரண்டிலும் சுக்கு உண்டு. ஏலாதியிலோ அதற்கே பெரும்பங்கு. மண்ணுள் விளைவதென்று பச்சை இஞ்சியை விலக்கும் சமண இல்லங்கள் பலவும், உலர்ந்த சுக்கை மருந்தாக ஏற்கின்றன.

செரியாமைக்குத் திரிகடுகம் செய்யும் முறை எளிது. சுக்கின் மேல்தோலைச் சீவி எறிய வேண்டும்; இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூன்றையும் தனித்தனியே இளவறுப்பாக வறுத்து, சம அளவில் பொடித்துச் சலித்து, இரண்டு சிட்டிகை உட்கொள்வர். பிறர் தேனில் குழைப்பர். தேனை விலக்கியவர்களுக்கு வெந்நீரோ மோரோ போதும். வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர் உதவும். சீரகத்தை ‘சீர் அகம்’ எனப் பிரித்து அகத்தைச் சீர்செய்வது என்பார் உளர். நயமான விளக்கமே, ஆயினும் அச்சொல் ‘ஜீரகம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. பெயர் எவ்வாறாயினும், சீரகம் கொதித்த நீர் மந்த வயிற்றுக்கு இதமானது.

தசலட்சணப் பருவத்தில் நோன்பிருந்தோர் பாரணை நாளன்று நெய்யும் இனிப்புமாக உண்டு வருந்துவது ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்நாளில் முதலில் சீரகநீர், பின் நீர்த்த கஞ்சி, அதன்பின் குழைந்த சோறு என்று படிப்படியாக வயிற்றைப் பழக்கிய முன்னோர் முறையே மேல். சூரணம் அதற்கு ஈடாகாது.

வயிற்றுப்புண் உடையோர்க்குத் திரிகடுகம் எரிச்சலை மிகுவிக்கும். கருநிற மலம், காரணமற்ற உடல் மெலிவு, ஓயாத வாந்தி ஆகியவை தோன்றின் கைமருந்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நெஞ்சை அழுத்தும் பாரமும், குளிர்ந்த வியர்வையும், தோளிலோ தாடையிலோ பரவும் வலியும் ‘வாயு’ அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ள முதியவர்க்கு வலியே தோன்றாமல், வெறும் குமட்டலாகவும் மூச்சுத் திணறலாகவும் அது வரக்கூடும். அத்தகையவரை ஓமநீர் கொதிக்கும்வரை காக்க வைத்தல் ஆகாது. அப்பொழுதே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.