களஞ்சியமும் கண்ணாடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்திருப்பது படியெடுத்தலைப் பற்றி. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதியே பழைய நூல்களைக் காத்து வந்த மக்களுக்கு அது அயலான பொருள் அன்று.

நமது திருப்பெரும்புதூர் வட்டாரம் இராமாநுசர் பிறந்த மண் என்பதால் நெடுங்காலம் அறியப்பட்டது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னர், ஆலைகளாலும் அறியப்படுகிறது. இந்த ஆலைகளில் பற்றவைக்கும் இயந்திரக் கைகளையும், வண்ணம் பூசும் கூடங்களையும், பொருள்களை எண்ணிக் கணக்கிடும் நிலையங்களையும் கணிப்பொறிகள் கண்காணிக்கின்றன. அவற்றுள் பலவற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் வேலை செய்கிறது. அதன் உறுப்புகள் பொதி பொதியாகக் கட்டப்பட்டு வருகின்றன. தொழில்நுட்பத்தார் இவற்றைப் ‘பேக்கேஜ்’ என்பர். பொதிகளை வைத்திருக்கும் இடம் களஞ்சியம். உலகின் வேறிடத்துக் களஞ்சியத்தை அப்படியே காட்டும் படிக்கு ‘மிரர்’, அதாவது கண்ணாடி, என்று பெயர்.

ஆலைக்குள் ஒரு களஞ்சியம் தனியே எதற்கு? உற்பத்தி வரிசையில் இருக்கும் கணிப்பொறிகளை நேரே இணையத்தோடு இணைப்பது தகாது. ஆயினும் அவற்றுக்குத் திருத்தங்கள் போய்ச் சேர வேண்டும். எனவே ஒரு கணிப்பொறி மட்டும் வெளியுலகைப் பார்த்துப் படியெடுத்து வைக்கிறது. ஏனையவை அதனிடமிருந்து பெற்றுக்கொள்கின்றன. ஆறு எங்கோ ஓடினாலும் அந்தந்த ஊர் தன் ஏரியில் நீரைத் தேக்கி மதகு வழியே வயலுக்கு விடுகிறதல்லவா, அதே ஏற்பாடுதான்.

1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளத்துக்கும் அடிப்படை இதுவே. இதன் மூலக் களஞ்சியம் ஒரு நாளில் பலமுறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் இறக்கிக்கொள்வது இயலாது. 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி கண்டனர். படி வைத்திருப்பவர் தம் கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கணித்து மூலத்துக்கு அனுப்புகிறார். மூலம் அவ்வெண்களைத் தன்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, வேறுபட்ட பகுதிகளை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ‘ஆர்சிங்க்’ என்னும் கருவி இவ்வாறே இயங்குகிறது.

கருவி நன்றாயினும் வரிசைமுறை தவறினால் பயனில்லை. களஞ்சியத்தில் பொதிகளும் உண்டு, அவற்றைக் குறிக்கும் அட்டவணையும் உண்டு. அட்டவணை முதலில் வந்து பொதிகள் பின்தங்கினால், நூலகப் பட்டியலில் பெயர் இருந்தும் அலமாரியில் புத்தகம் இல்லாத நிலை ஏற்படும். ஆகவே பொதிகளை முதலிலும் அட்டவணையை அடுத்தும் கொணர்ந்து, பழையவற்றை நீக்குவதை இறுதியில் வைத்துக்கொள்வது நெறி. நள்ளிரவில் இணைப்பு அறுந்தாலும் அப்போது ஆலைக்குள் இருப்பது முரண்பாடில்லாத நேற்றைய படியாக இருக்கும்.

வந்தது மெய்யான படிதானா என்று அறிவதும் வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் உரிய சரிபார்ப்பு எண் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணைகளின் எண்களைக் கொண்ட தலைப்புக் கோப்பில் வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துவராது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஏடு எழுதியவனின் கைப்பிழையை அறிய அவருக்கு வேறு வழி இல்லை. இன்று அந்தப் பகுதி வேலையைக் கணிப்பொறி நொடியில் முடித்துவிடுகிறது.

இதுவரை சொன்னவை எளியவை. இனித்தான் சிக்கல் எழுகிறது. மூலத்தை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்ற வேண்டும்?

பின்தங்கினால் என்ன நேரும் என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. விண்டோஸ் இயங்குதளத்தின் ஒரு குறைக்கு மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியாயிற்று. ‘வானாக்ரை’ என்னும் கேட்டு நிரல் பரவியது மே 12ஆம் நாள். இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தும், உலகெங்கும் திருத்தம் ஏறாத கணிப்பொறிகள் முடங்கின. பிரிட்டனின் மருத்துவமனைகள் தவித்தன. நம் ஒரகடத்துக் கார் ஆலை ஒன்றும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. இயங்குதளம் வேறானாலும் பாடம் எல்லார்க்கும் பொது.

அப்படியானால் கணந்தோறும் பின்பற்றிவிடலாமா? அதற்கு விடை 2024இல் கிடைத்தது. பொருள்களைச் சுருக்கிக் கட்டும் ‘எக்ஸ்இசட்’ என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், அதன் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவரே கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். சரிபார்ப்பு எண் சரி, கையொப்பமும் சரி, உள்ளே நஞ்சு. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதம் ஏற்படுவதைக் கவனித்து ஆராய்ந்து, மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். டெபியனின் புதுமை நாடும் பிரிவுகளில் அந்தப் பதிப்பு புகுந்திருந்தது; பொறுத்துச் சோதித்து வெளியிடும் நிலைப்பிரிவில் புகவில்லை. கையொப்பம் அனுப்பியவர் யார் என்று சொல்லுமேயன்றி, அனுப்பியது நல்லதா என்று சொல்லாது.

மற்றொன்றும் உண்டு. சென்ட்ஓஎஸ் 7 என்னும் தொகுப்பின் ஆதரவுக் காலம் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதன் பொதிகள் பழம்பொருள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. பழைய முகவரியையே நம்பியிருந்த கணிப்பொறிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூலத்தில் இல்லாததைப் படியிலும் அழித்துவிடு என்று தன் கருவிக்குக் கட்டளையிட்டிருக்கும் ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். மூலம் வெறுமையான இரவில் அந்தப் படியும் வெறுமையாகும். கருவி பிழை செய்யவில்லை. இட்ட பணியை முடித்தது. கண்ணாடி எதிரே நிற்பதை மட்டுமே காட்டும். நேற்று நின்றது யார் என்று அதற்குத் தெரியாது.

ஆகவே ஆலைக்கு வேண்டியது கண்ணாடி மட்டுமன்று; நினைவுள்ள களஞ்சியம். அதை மூன்று தட்டுகளாக அமைக்கலாம். முதல் தட்டு மூலத்தை நாள்தோறும் பின்பற்றட்டும். இரண்டாவதில் தேதியிட்ட படியை நிறுத்தி, உற்பத்தியில் இல்லாத சோதனைக் கணிப்பொறிகளில் ஏற்றிப் பார்க்கட்டும். தேறியது மூன்றாவதுக்குச் சென்று ஆலைக்கு வழங்கப்படட்டும். அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்குக் குறுகிய தவணையும், ஏனையவற்றுக்கு நீண்ட தவணையும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். பழைய தேதிப் படிகளையும் அழிக்கலாகாது. இரு படிகளில் ஒரே கோப்பு இருந்தால் ஒருமுறை மட்டும் இடம்பிடிக்குமாறு செய்ய வழி இருப்பதால் செலவும் பெரிதாகாது.

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சும்: இதற்குப் பொறுப்பு யார்? தானே இயங்கும் ஏற்பாட்டை அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஏற்பாடு என்றோ நின்றிருக்கும். கேட்டவர்க்கெல்லாம் பழைய பொதியைக் கொடுத்துக்கொண்டிருப்பதால் எவரும் அறியமாட்டார். நம் காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலையால் தேர்ந்த உறுப்பினர்க்கு ஓராண்டுப் பொறுப்பு. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. கரை கட்டினால் போதும் என்று அவ்வூரார் எண்ணவில்லை. நம் களஞ்சியங்களுக்கும் அத்தகைய வாரியம் வேண்டும்: கடைசியாகப் படியெடுத்த நாளைக் காலைதோறும் பார்ப்பவர் ஒருவர், அவர் விடுப்பில் போனால் மற்றொருவர், ஆண்டுக்கொருமுறை கணக்கு.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்து வருகிறது. அவற்றை எவரும் படியெடுத்து வைக்கலாம். நம் வட்டத்தின் பத்தாண்டு உரைகளும் இனி அவ்வாறு மின்வடிவம் பெற வேண்டும். அப்போது தேதியிட்ட படி ஒன்றும், அதைச் சரிபார்க்கும் அன்பர் ஒருவரும் நமக்கும் தேவைப்படுவர். அந்தப் பொறுப்பை ஏற்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.