தத்துப் பிள்ளையும் சட்டமும்

(தம்பதியர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலத்துறைக்காரர்கள் வந்தாலே அளவான குடும்பத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாத தம்பதிகளுக்காகவும், பெற்ற குழந்தையை வளர்க்க வழியில்லாமல் தவிக்கிற தாய்க்காகவும் நாலு வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன்.

குழந்தை இல்லையென்றால் புருஷன், மனைவி இருவருமே டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். குறை ஆண் பக்கமும் இருக்கலாம். வைத்தியம் பலிக்கவில்லை என்றால் தத்து எடுப்பது நல்ல வழி. ஆனால் அதை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சில ஊர்களில் புரோக்கர் ஒருவர் வருவார். "ஒரு இடத்துல குழந்தை இருக்குங்க, இவ்வளவு கொடுத்தாப் போதும், பிறப்புச் சர்டிபிகேட்டையும் உங்க பேர்லயே வாங்கித் தர்றேன்" என்பார். ஏக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சாமி கொடுத்த வரம் மாதிரித் தெரியும். 2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் இப்படிப்பட்ட குழந்தை விற்பனை வெளிப்பட்டுப் பலர் கைதானதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

உங்கள் தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் கதியை நினைத்துப் பாருங்கள். நாலைந்து வருஷம் உங்களை அம்மா, அப்பா என்று கூப்பிட்ட பிள்ளையை ஒருநாள் போலீஸ் வந்து மீட்டு இல்லத்தில் சேர்த்தால் அது யாரைத் தேடி அழும்? பிடிபடாமலே போனாலும், நீங்கள் கண்ணை மூடிய பின்னால் பங்காளிகள் "இவன் யாரு?" என்று கேட்பார்கள். பொய்யாக வாங்கிய சர்டிபிகேட் கோர்ட்டில் நிற்காது. வீடும் போய், பேரும் போய் நிற்பது பிள்ளைதான்.

சரி, சட்டம் என்ன வழி தருகிறது? இரண்டு வழி இருக்கிறது.

பெற்றவர்களே நேரில் கொடுக்கிற பிள்ளையை எடுப்பது ஒன்று. அண்ணன் மகன், தங்கை மகள் என்று உறவுக்குள் எடுப்பதெல்லாம் இதில் வரும். இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு இதற்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்பெல்லாம் சுவீகாரம் என்றால் ஆண் பிள்ளைதான். கொள்ளி போட ஒருத்தன் வேண்டும் என்ற கணக்கு. பெண் குழந்தையையும் எடுக்கலாம் என்று எழுதியது இந்தச் சட்டம். என்னைக் கேட்டால் அதுவே பெரிய காரியம்.

மகனோ மகன் வழிப் பேரனோ இருந்தால் ஆண் பிள்ளை எடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண் பிள்ளை எடுக்க முடியாது. ஆண் மட்டும் இருக்கிற வீட்டில் பெண்ணை எடுக்கலாம். பொதுவாகப் பிள்ளைக்கு 15 வயது முடியாமல், கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும். மனைவி சம்மதம் இல்லாமல் புருஷன் எடுத்தால் செல்லாது. 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புருஷன் சம்மதத்தோடு மனைவியும் தன் பேரில் தத்து எடுக்கலாம்.

ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் பெற்றவர் கையால் கொடுக்க வேண்டும், எடுப்பவர் கையால் வாங்க வேண்டும். பணம் கைமாறவே கூடாது. பிறகு பத்திரம் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிடுங்கள். பதிந்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். "நம்ம அண்ணன் தம்பிக்குள்ளே எதுக்குப் பத்திரம்" என்பார்கள். வழக்கு வருவதே அண்ணன் தம்பிக்குள்தானே! இன்னொன்று: முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது. பின்னால் சொந்தப் பிள்ளை பிறந்துவிட்டது என்று திருப்பி அனுப்ப வழியில்லை.

அடுத்தது, ஆதரவற்ற பிள்ளையை அரசு மூலமாக எடுப்பது. இது எல்லா மதத்தாருக்கும் பொது. முன்பு முஸ்லிம், கிறிஸ்தவத் தம்பதிகள் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்டியனாக மட்டுமே ஆக முடிந்தது. வளர்த்த பிள்ளைக்கு வாரிசு உரிமை இல்லை. இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த மதத்தாரும் தத்து எடுக்கலாம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது.

இதற்குக் கல்யாணமாகி 2 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால், காரா என்கிற மத்திய ஆணையத்தில் கம்ப்யூட்டர் மூலம் பதிய வழி சொல்வார்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அரசு வைத்த கட்டணம் மட்டும் ரசீதோடு கட்ட வேண்டும். 2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. கலெக்டரே உத்தரவு தருகிறார். அந்த உத்தரவை வைத்து உங்கள் பேர் போட்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதை எந்தப் பங்காளியும் கேள்வி கேட்க முடியாது. வருஷக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. கேட்பவர்கள் அதிகம், குழந்தைகள் குறைவு. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

தத்து இல்லாமல், கொஞ்ச காலம் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்த்துத் தருகிற வளர்ப்புப் பராமரிப்பும் இதே சட்டத்தில் இருக்கிறது. அதில் பிள்ளை உங்களுக்கு வாரிசு ஆகாது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலியோரம் கிடந்த பிள்ளை, கடவுள் தந்தது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? கூடாதுங்க. 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ 1098-க்கோ சொல்லிவிட வேண்டும்.

வளர்க்க முடியாத தாய்க்கும் ஒரு சொல். பெண் சிசுக்கள் சாகாமல் காக்கத்தான் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வேறு வழியே இல்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் ஒப்படைக்கலாம். அதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 60 நாள் அவகாசம் உண்டு. மனசு மாறினால் அதற்குள் அதே குழுவிடம் போய்ப் பிள்ளையைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் காகிதத்தின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.